நனைந்த முடிச்சு: செங்கோட்டையில் இரண்டு சுதந்திர தினங்கள்

ஒவ்வோர் ஆகஸ்ட் 15 காலையிலும் எங்கள் ஊரில் ஒரு குழந்தையாவது ஏமாந்து போகும். "செங்கோட்டையில் பிரதமர் கொடியேற்றினார்" என்று தொலைக்காட்சி சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடும். பிரதமர் வந்திருப்பது தில்லிச் செங்கோட்டைக்கு என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே இழுத்து வருவார்கள். நானும் அப்படி ஓடியவன்தான். எங்கள் செங்கோட்டை குற்றாலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், ஆடி மாதம் முழுவதும் சாரலில் நனைந்தபடி கிடக்கும் ஊர்.

இந்த ஊரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் நாங்கள் ஆறு பேர், 2022-லும் 2023-லும் சுதந்திர தின விழா நடத்தினோம். முதல் விழா சொதப்பியது. இரண்டாவது விழா அதைவிடக் குறைவாகச் சொதப்பியது. எது ஏன் தவறியது, எதை மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் இதுபோல் விழா எடுப்பவர்களுக்கு எங்கள் தவறுகளாவது பயன்படட்டும்.

2022: துரட்டியால் ஏற்றிய கொடி

அது விடுதலையின் 75 ஆண்டு நிறைவு. வீடுதோறும் கொடி என்று அரசு அறிவித்து, அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி விற்றார்கள். கொடி கைத்தறித் துணியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2021 டிசம்பரில் தளர்த்தப்பட்டு, பாலியெஸ்டரும் இயந்திரத்தில் நெய்த துணியும் அனுமதிக்கப்பட்டிருந்தன. நாங்கள் வீம்பாகக் கதர்க் கொடிதான் வேண்டும் என்று நின்றோம். நல்ல கனமான துணி. பருத்தி நனைந்தால் என்ன ஆகும் என்பதைச் சாரல் ஊரில் பிறந்த ஆறு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

தில்லி வழக்கப்படி ஆகஸ்ட் 15 அன்று கொடியைக் கம்பத்தின் அடியிலிருந்து மேலே ஏற்றுவார்கள். உச்சியில் கட்டி வைத்த கொடியை அவிழ்த்து விடுவது ஜனவரி 26-க்கு உரியது. எங்கள் பக்கத்தில் இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு நாளும் மடித்த கொடிக்குள் பூவைத் திணித்து, சுருக்கு முடிச்சுப் போட்டு, உச்சியில் நிறுத்திவிடுவோம். கயிற்றை இழுத்தால் பூ கொட்ட வேண்டும்; அதுதான் விழா. நான்தான் முடிச்சுப் போட்டேன். காலையில் அவசரம் கூடாது என்று முந்தின இரவே போட்டுவிட்டேன். இரவெல்லாம் சாரல்.

காலையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்து கயிற்றை இழுத்தார். கம்பம் ஆடியதே தவிர முடிச்சு அவிழவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தார். கப்பியில் கயிறு சிக்கி நின்றுவிட்டது. நாட்டுப்பண் பாட வாயெடுத்த இரண்டு சிறுமிகள் வாயை மூடவும் முடியாமல் பாடவும் முடியாமல் நின்றார்கள். கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி வந்தது. சுவர்மேல் ஏறிய பையன் ஒருவன் அதை எட்டிப் போட்டு இழுத்ததில் கொடி விரிந்தது. ஊறிய பூக்கள் மொத்தமாகப் புளி உருண்டையைப் போலத் தலைமையாசிரியரின் தோளில் வந்து விழுந்தன. அவர் அசையாமல் கொடி வணக்கம் செய்தார். அன்றைய விழாவில் மரியாதைக்குரியதாக நடந்தது அது ஒன்றுதான்.

அதன்பிறகு நான் பேசினேன். "1947 ஆகஸ்ட் 15 வரை இந்த மண்ணை வெள்ளைக்காரன் ஆண்டான்" என்று தொடங்கினேன். முன்வரிசை நாற்காலியில் இருந்த எண்பத்தைந்து வயதுத் தாத்தா ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, எந்த மண்ணை?"

"இந்த மண்ணைத்தான் தாத்தா. நம் செங்கோட்டையை."

"இங்கே ஆண்டது பொன்னுதம்புரான். வெள்ளைக்காரன் பிரானூரோடு நின்றுகொண்டான்."

கூட்டம் சிரித்தது. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்து கேட்டாள்: "அப்படியென்றால் ஆஷ் நம் ஊர்க் கலெக்டரே இல்லையா, சார்?"

கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்ற எங்கள் ஊர் வாஞ்சிநாதனைப் பற்றி இருபது ஆண்டுகளாக மேடையேறிப் பேசுகிறவன் நான். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சுண்டல் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டது என்னைக் காப்பாற்றியது.

அந்த ஆகஸ்டில் எங்கள் ஊர் எங்கே இருந்தது

தாத்தா சொன்னது சரி. பொன்னுதம்புரான் என்றால் திருவிதாங்கூர் மகாராஜா; பிரானூர், தென்காசிப் பக்கம் இருந்த அன்றைய எல்லை. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. கடைசி ஏழு ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஐந்து கல் தொலைவுக்குள் இருக்கும் தென்காசி, சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லா. இங்கே சங்கு முத்திரை, அங்கே ஆங்கிலேய அரசின் முத்திரை. இங்கே சக்கரம், அங்கே அணா. ஓர் ஆங்கிலேய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். கடிதம் போடுவதற்குக்கூடத் திருவிதாங்கூருக்குத் தனியாக 'அஞ்சல்' என்ற துறை இருந்தது. 1951-ல்தான் அது இந்திய தபால் துறையோடு கலந்தது.

வெள்ளைக்காரன் இல்லவே இல்லை என்பதும் முழு உண்மை ஆகாது. ராஜாவின் தலைக்குமேல் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக ரெசிடென்ட் இருந்தார். கம்பெனி காலத்திலிருந்தே உடன்படிக்கையும் கப்பமும் இருந்தன. ஆனால் ஊர்க்காரன் கண்ணுக்குத் தெரிந்த சர்க்கார் திருவனந்தபுரத்துச் சர்க்கார்தான்.

இதில் 1947-ன் கோடை மிகவும் விசித்திரமானது. வெள்ளையர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஜூன் 11-ல் அறிவித்தார். வந்தவாசியில் பிறந்த தமிழர் அவர். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை விழாவிலிருந்து வெளியே வரும்போது அவரை ஒருவர் வெட்டினார். உயிர் தப்பினாலும் அவருடைய உறுதி தளர்ந்தது. ஜூலை 30-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவுடன் இணைவதாகத் தந்தி கொடுத்தார். ஆகஸ்ட் 15-க்கு அப்போது பதினாறு நாள்தான் பாக்கி.

அதாவது, 'சுதந்திரம்' என்ற சொல்லுக்கு அந்த இரண்டு மாதங்களில் செங்கோட்டையில் வேறு பொருளும் இருந்தது. சி.பி. கேட்ட சுதந்திரம் நடந்திருந்தால், தென்காசிக்குத் துணி எடுக்கப் போவது வெளிநாட்டுப் பயணம். இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் தெரிந்த திகைப்பை எந்தத் தியாகி வரலாறு சொல்லியும் நான் பார்த்ததில்லை.

1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, ஆடி 30. ஆடியின் கடைசி வெள்ளி. பத்து வயதுப் பையனாக இருந்த தாத்தாவின் நினைவில் முதலில் நிற்பது அம்மன் கோயில் கூழ். பள்ளியில் கொடுத்த மிட்டாய் அதற்குப் பிறகுதான். அதுவரை காலையில் பாடிய 'வஞ்சீச மங்களம்' அன்று பாடப்பட்டதா என்று கேட்டோம். நினைவில்லை என்று சொல்லிவிட்டார். மறதியை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் சாட்சி கிடைப்பது அரிது; அவர் சொன்ன மற்றவற்றை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். (வஞ்சி நாட்டின் அரச வாழ்த்தைப் பாடிய ஊர், வாஞ்சியைக் கொண்டாடும் ஊராக மாறிய வேடிக்கையை அவர்தான் சுட்டிக்காட்டினார்.) இன்னொன்று: தில்லிச் செங்கோட்டையிலும் அந்த வெள்ளிக்கிழமை நேரு கொடியேற்றவில்லை. அங்கே ஏற்றியது மறுநாள், ஆகஸ்ட் 16-ல்.

எல்லை மாறியது 1956 நவம்பர் 1 அன்று. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. ஆரியங்காவு மலைப்பக்கம் கேரளத்தில் நின்றது. இது சும்மா வரவில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்ப் பகுதிகளைச் சேர்க்கக் கோரியவர்கள்மேல் போலீஸ் சுட்டது. சுட்டது விடுதலை பெற்ற நாட்டின் போலீஸ். எட்டாவது சுதந்திர தினத்துக்கு நான்கு நாள் முன்பு.

சிலையும் சட்டைப்பைக் கடிதமும்

சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். ஆஷ் எங்கள் ஊர்க் கலெக்டர் அல்லர். ராபர்ட் வில்லியம் ஆஷ் திருநெல்வேலிக் கலெக்டர். செங்கோட்டை அவருடைய எல்லைக்கு வெளியே இருந்தது. வாஞ்சி இங்கே பிறந்தவர், வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். துப்பாக்கி சுடப் பழகியது பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். சுட்டது மட்டும்தான் பிரிட்டிஷ் இந்தியாவில்: 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பு, ரயில் பெட்டிக்குள் மனைவியுடன் அமர்ந்திருந்த ஆஷை. பிறகு அதே துப்பாக்கியால் தன் உயிரையும் முடித்துக்கொண்டார்.

தன்னை ஆளாத கலெக்டரைக் கொல்ல ஒருவர் ஏன் எல்லை தாண்டிப் போக வேண்டும்? வழக்கமான பதில் 1908-ல் இருக்கிறது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைக் கண்டித்து மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்த ஆஷ், சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிரியாக அறியப்பட்டவர். இந்தப் பதில் தவறில்லை, ஆனால் போதாது. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் கப்பலைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஐந்து நாளில் முடிசூட இருந்த ஐந்தாம் ஜார்ஜைப் பற்றியும், அழிக்கப்படும் சனாதன தர்மத்தைப் பற்றியும், மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சரைப் பற்றியும், அந்த ஜார்ஜைக் கொல்ல உறுதி பூண்ட 3000 மதராஸிகளைப் பற்றியும் பேசுகிறது. 'ஆர். வாஞ்சி ஐயர்' என்று கையொப்பம்.

இங்கேதான் விழா நடத்துகிறவன் மாட்டிக்கொள்கிறான். எங்கள் மாலை வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உண்டு, இஸ்லாமியப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கிறவர்களும் உண்டு. அந்தக் கடிதத்தை அவர்கள் முன்னால் வாசிப்பதா, மறைப்பதா? எங்கள் ஆறு பேருக்குள் இரண்டு மாதம் சண்டை நடந்தது. வாஞ்சி சிலைக்கு மாலை போடும் நாளில் மாலை மட்டும் போடுவோம் என்றனர் இருவர். ஒருவர் சிலைப்பக்கமே போக வேண்டாம் என்றார். கைபேசியில் சுற்றும் கதைகளையும் கொண்டு வந்தார்கள்: ஆஷ் ஏதோ ஓர் ஏழைப் பெண்ணை அக்கிரகாரத் தெரு வழியே தூக்கிச் செல்ல உதவினார், அதற்குத்தான் இந்தக் கொலை என்பது ஒரு கதை. அதற்கு ஆதாரம் காட்டச் சொன்னால் அந்தக் கைபேசியையே மறுபடியும் காட்டுகிறார்கள். கடிதம் இருக்கிறது, கதைக்குக் கடிதம் இல்லை. இருப்பதைச் சொல்வோம் என்று முடிவெடுத்தோம்.

2023: கொடிக்குப் பிறகு நடை

இரண்டாம் ஆண்டு மேடை போடவில்லை, பேச்சாளரையும் கூப்பிடவில்லை. கொடி ஏற்றியதும் நடப்பது என்று வைத்தோம். சிலை, வளைவு, ரயில் நிலையம், பிரானூர் பார்டர் என்று நான்கு நிறுத்தங்கள். ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள், ஒரு டஜன் பெரியவர்கள். தாத்தா ஆட்டோவில்.

முதலில் முடிச்சு. இந்த முறை நான் தொடவே இல்லை. கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவிடம் போனோம். கொடியைத் தொட்டுப் பார்த்தவர், "ஈரத் துணிக்கு இறுக்கிக் கட்டக் கூடாது, நூல் கனத்துக்கு ஒரே சுற்று. பூவும் அரைப் பிடி போதும்" என்றார். இரவில் கட்டாமல், ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பு கட்டிக் கொடுத்தார். கப்பிக்குத் தேங்காய் எண்ணெய். அந்தக் காலையும் சாரல் அடித்தது. கயிற்றைத் தாத்தாவே இழுத்தார். ஒரே இழுப்பு. பூ விழுந்தது. மேடையில் பேசும் வேலைக்கு ஒருவரைத் தேடிய அலைச்சலில் கால்பங்குகூட இதற்குத் தேவைப்படவில்லை.

சிலையின்முன் மாலை போட்டோம். பிறகு கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் சொன்னேன், இரண்டு பக்கத்தையும். இவ்வளவு பெரிய ராஜாங்கத்தை எதிர்த்து இருபத்தைந்து வயதில் உயிரை விட்டார். அதே கையால் எழுதியதில் இங்கே நிற்கும் பலரைக் கீழாக்கும் சொற்களும் இருக்கின்றன. பிள்ளைகள் அழவில்லை, ஆவேசப்படவும் இல்லை. ஒருவன் கேட்டான்: "ஆஷுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா?" இருந்தார்கள், நான்கு பேர். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது என்றதும் அடுத்த முறை அங்கே போகலாமா என்றான். பெரியவர்களில் ஒருவருக்கு முகம் சுண்டிவிட்டது. மாலை போட்ட கையோடு இதையெல்லாம் பேச வேண்டுமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அவர் அதன்பிறகு எங்களோடு வரவில்லை. இந்த ஆய்வில் நட்டக் கணக்கு எழுதினால் அதை முதல் வரியில் எழுத வேண்டும்.

வளைவில்தான் விழா உயிர்பெற்றது. திருவிதாங்கூர்க் காலத்து நுழைவாயில்; அதன்மேல் சங்கு முத்திரை. தினமும் பஸ்ஸில் இதன்வழியே போகிற பிள்ளைகள், சங்கு இருப்பதை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். தாத்தா ஆட்டோவிலிருந்து இறங்கி, இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். உள்ளே நான்கு செப்புக் காசுகள். பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று கணக்குச் சொன்னார். காசு நாற்பது கைகளுக்குப் போய், நான்கும் பத்திரமாகத் திரும்பி வந்தது. அரை மணி நேரம் ஒதுக்கிய இடத்தில் ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். வாய்பாட்டை வெறுக்கிற ஒரு பையன், ஆங்கிலேய ரூபாய்க்கு ஏன் அரைச் சக்கரம் கூடுதல் என்று விடாமல் துளைத்தான்.

ரயில் நிலைய நிறுத்தம் தோல்வி. மலைப் பாதையில் கொல்லம் வரை 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது, ஊரின் வியாபாரமும் வாஞ்சியின் புனலூர் வேலையும் அந்தத் தண்டவாளத்தோடு ஒட்டியவை என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, நடைமேடைக்கு ஒரு ரயில் வந்தது. அதற்குமேல் யார் என்னைப் பார்ப்பார்கள்? அடுத்த முறை அந்த இடத்தில் பேச்சே கிடையாது. ரயிலைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

கடைசி நிறுத்தம் பிரானூர் பார்டர். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கோழியும் பரோட்டாவும் தின்னத் தேடி வரும் இடம். 'பார்டர்' என்றால் பரோட்டா என்றே தமிழ்நாடு முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறது. இன்றைய கேரள எல்லை இங்கே இல்லை. புளியரையைத் தாண்டி மலைப்பக்கம் இருக்கிறது. அப்படியானால் இது எதற்குப் பார்டர் என்று கேட்டோம். எதிர்பார்த்ததைவிட வேகமாக அந்தச் சிறுமிதான், சென்ற ஆண்டு கேட்டவள், சொன்னாள்: "வெள்ளைக்காரன் நின்ற இடம்." எல்லை நகர்ந்து இத்தனை ஆண்டாகியும் பெயர் நகரவில்லை. கல்வெட்டோ தூணோ கிடையாது; கடைப் பலகைகளில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கடைக்கார அண்ணாச்சி ஒருவர் இத்தனை பிள்ளைகளைப் பார்த்து ஆர்டர் என்று நினைத்துக் கல்லைப் பற்ற வைத்துவிட்டார். அவரை ஏமாற்ற மனமில்லாமல் ஆளுக்கொரு பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். மிட்டாய்க்கு வைத்திருந்த பணமும் அதற்குமேலும் போயிற்று.

தீராமல் நிற்பவை

பெண்கள். நான்கு நிறுத்தங்களிலும் ஒரு பெண் பெயர் வரவில்லை. வேதாந்தப் பாடல்கள் பாடிய ஆவுடையக்காள் இந்த ஊர்க்காரர். சுதந்திர தினத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று குழுவிலேயே கேட்கிறார்கள். இளம் விதவையாக்கப்பட்ட ஒரு பெண் ஊர்க்கட்டை மீறிப் பாடியது விடுதலை இல்லையென்றால் வேறு என்ன என்பது என் கட்சி. வாக்கெடுப்பில் நான் தோற்றேன். மறுபடியும் கொண்டு வருவேன்.

நேரம். நான்கு நிறுத்தம் அதிகம். மூன்று போதும், சாரலில் நனைந்த சிறு பிள்ளைகளுக்குப் பதினொன்றரைக்குமேல் தாங்கவில்லை.

நவம்பர் 1. 2021-ல் தமிழக அரசு அதை எல்லைப் போராட்டத் தியாகிகள் நாளாக அறிவித்தது. எங்கள் ஊர் தமிழ்நாட்டுக்கு வந்த நாள் அதுதானே என்று 2023-லேயே சிறிய அளவில் செய்து பார்த்தோம். வளைவின் அடியில் ஏழு பேர் கூடினோம். கொடி இல்லை, பூ இல்லை, விடுமுறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏழாவது ஆள் தாத்தா; பத்தொன்பது வயதில் இந்த நாளைப் பார்த்தவர். அன்று இரவு தென்காசிக்கு நடந்தே போய்த் திரும்பி வந்ததாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டோம்.

"வழியில் யாரும் மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறார்களா என்று பார்க்கத்தான்."

சொல்லவில்லையாம். மூட்டையில் அரைப்படி உளுந்து இருந்ததாம்.